சதுர அடிக்கு எவ்வளவு கேட்கலாம்? சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்துவது பற்றி ஒரு பதில்

கேள்வி இது: பி.ஆர்க் முடித்து ஐந்து வருடம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், திருச்சியில் சொந்தமாகத் தொடங்கப் போகிறார். வீடுகளும் இன்டீரியரும்தான் வேலை. சதுர அடிக்கு எவ்வளவு கேட்கலாம்? இன்டீரியரை வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வதா, எடுத்தே செய்து கொடுப்பதா? முதல் ஆளாக யாரை வைப்பது?

கடைசிக் கேள்விக்கு விடை சின்னது. முதல் இரண்டும்தான் அலுவலகத்தை நிமிர்த்துவதோ சாய்ப்பதோ.

சதுர அடி ரேட்டை ஊரில் விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம். இரண்டு ஜூனியர்களுக்குத் தலா 25,000, சைட் பார்க்க ஒருவருக்கு 20,000, வாடகை 15,000, சாஃப்ட்வேர், இன்டர்நெட், கம்ப்யூட்டர் தேய்மானம் 15,000, பெட்ரோல், பிரின்ட், போன், ஆடிட்டர் 10,000, உங்கள் சம்பளம் 60,000. கூட்டினால் மாதம் 1,70,000 ரூபாய். உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். "மிஞ்சினால் எனக்கு" என்று ஆரம்பித்தால் ஒருநாளும் மிஞ்சாது.

இனி மணி. 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் ஆளுக்கு 200 மணி. அத்தனையும் ஒரு வீட்டுக் கணக்கில் எழுத முடியாது. ஜூனியருக்கு 130, உங்களுக்கு 80 மணி தேறினால் நல்லது. மீதி புது ஆட்களைச் சந்திப்பதிலும் கொட்டேஷன் போடுவதிலும் போன் பேசுவதிலும் போய்விடும். சைட் பார்ப்பவரை எண்ணாமல் 130, 130, 80 சேர்த்து 340 மணி. 1,70,000-ஐ 340-ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். வேலை இல்லாத மாதங்களுக்கும் தாமதமாக வரும் பணத்துக்கும் கால் பங்கு சேர்த்தால் 625.

தரைத்தளமும் முதல் தளமுமாக 1,800 சதுர அடி வீடு ஒன்றுக்குப் பிளான், எலிவேஷன் (முகப்புத் தோற்றம்), ஒர்க்கிங் டிராயிங் (சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான விவர வரைபடம்) எல்லாம் சேர்த்து 260 மணி, சைட்டுக்கு 20 தடவை போய்வர 60 மணி என்று வையுங்கள். 320 மணி, 2,00,000 ரூபாய். சதுர அடிக்கு 111 ரூபாய். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 என்றால் மொத்தம் 45 லட்சம். அதில் உங்கள் கட்டணம் நாலரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. பக்கத்துத் தெருவில் ஒருவர் 40 ரூபாய்க்குச் செய்கிறார் என்று வாடிக்கையாளர் சொன்னால் கோபப்பட வேண்டாம். 40 ரூபாய் என்றால் 72,000. உங்கள் விலைக்கு அது 115 மணி நேர வேலை. அந்த நேரத்துக்குள் பிளானும் ஓர் எலிவேஷனும் அனுமதிக்கான வரைபடமும் கொடுக்கலாம். எலக்ட்ரிகல், பிளம்பிங், கதவு ஜன்னல் விவரம், மாடிப்படி விவரம் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். 40 ரூபாய் வாங்கிக்கொண்டு 320 மணி நேரம் உழைப்பதுதான் கூடாது. பெரும்பாலான அலுவலகங்கள் செய்வது அதைத்தான், தெரியாமலே.

எனவே ஒப்பந்தக் கடிதத்தில் ரேட்டை விட முக்கியம் எண்ணிக்கை. எத்தனை பிளான் ஆப்ஷன் (இரண்டு போதும்), ஒவ்வொன்றிலும் எத்தனை திருத்தம் (இரண்டு, மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு), எத்தனை 3டி படம், எத்தனை சைட் விசிட், என்னென்ன வரைபடங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டணம், மண் பரிசோதனை, சர்வே, அனுமதிக்கான அரசுக் கட்டணம் யாருடையது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வீட்டின் பரப்பு நடுவில் 1,800-லிருந்து 2,300 ஆனால் கட்டணமும் கூடும் என்ற ஒரு வரி அவசியம். மொட்டைமாடியில் ஓர் அறை சேர்ப்பது தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் நடக்கும்.

பணத்தைத் தவணையாகப் பிரிக்கும்போது கடைசித் தவணையைச் சின்னதாக வையுங்கள். ஒப்பந்தம் போட்டவுடன் 20 சதவீதம், பிளான் முடிவானதும் 20, அனுமதி வரைபடத்துக்கு 15, ஒர்க்கிங் டிராயிங் கைக்குப் போகும்போது 25, மீதி 20-ஐ லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்), ரூஃப், பூச்சு, டைல் என்று நான்காக உடைத்தால் ஒவ்வொன்றும் 5. "வீடு முடிந்ததும்" என்று 20 சதவீதத்தை நிறுத்தி வைத்தால் அது கிரகப்பிரவேசச் செலவோடு போட்டி போடும். சமையல்காரரும் பந்தல்காரரும் உங்களை முந்திக்கொள்வார்கள். ஒர்க்கிங் டிராயிங் தவணை வராமல் அந்த வரைபடத்தை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் போய்விட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

அனுமதி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில் (விதிப்படி இருக்கிறது என்று விண்ணப்பிப்பவரே சான்று தருவது), 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. "அப்ரூவல் வாங்கித் தருகிறேன்" என்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கு இது அடி. உங்களுக்கு ஒருவகையில் நல்லது: வாடிக்கையாளர் இனி எதற்காகப் பணம் தருகிறார் என்பது தெளிவாகும். ஆனால் சரிபார்க்கும் கண் ஒன்று குறைந்துவிட்டதால் விதிமீறல் பின்னால் தெரியவந்தால் சிக்கலும் பெரிது. விடவேண்டிய பக்க இடைவெளியை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளைப் பார்த்தே வரையுங்கள். மனை அளவைப் பத்திரத்திலிருந்து எடுக்காதீர்கள். பத்திரம் 30 அடி என்று சொல்லும். டேப் பிடித்தால் பின்பக்கம் 29 அடி 7 அங்குலம் இருக்கும். நான்கு பக்கமும் அளந்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, புலப்படத்தோடு (அரசு நில அளவை வரைபடம்) ஒப்பிட்ட பிறகு முதல் கோடு போடலாம். அடுத்தவர் வரைந்ததற்குக் கையெழுத்து மட்டும் போட்டுக் காசு வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒர்க்கிங் டிராயிங் ஏன் 25 சதவீதம் பெறும் என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். இரண்டும் வரைபடத்தில் ஒரு நிமிட வேலை. சைட்டில் தவறினால் இடிக்க வேண்டும்.

முதலாவது மனையடி, அதாவது அறையின் அளவுக்கு நல்லது கெட்டது பார்க்கும் சாஸ்திரம். நம் ஊரில் வாடிக்கையாளர் அறையின் உள்கூடு 11 அடி, 16 அடி என்று கேட்பார். நீங்கள் நம்புகிறீர்களா என்பது வேறு விஷயம். அவர் கிரகப்பிரவேசத்தன்று டேப் எடுத்து அளப்பார். பிளானில் சுவரிலிருந்து சுவர் 11 அடி என்று போட்டால் மேஸ்திரி செங்கல்லிலிருந்து செங்கல் 11 அடி வைப்பார். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறினால் 10 அடி 11 அங்குலம். அதனால் கட்டுமான வரைபடத்தில் கல்லுக்குக் கல் 11 அடி 1 அங்குலம் என்று கொடுத்து, "பூச்சுக்குப் பின் 11 அடி" என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். குளியலறையில் டைல் வருவதால் இன்னும் கூடும்.

இரண்டாவது மாடிப்படி. தரைத்தளக் கான்கிரீட்டிலிருந்து மேல் ஸ்லாப் மேற்பரப்பு வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். 18 படி போட்டால் ரைசர், அதாவது ஒரு படியின் உயரம், சரியாக 7 அங்குலம். கான்கிரீட்டுக்கு அச்சுப்பலகை அடிக்கும் சென்டரிங் ஆட்களும் 7, 7 என்று அடித்துவிடுவார்கள். அப்புறம் தரையில் சிமென்ட் கலவை போட்டு டைல் ஒட்டினால் இரண்டரை அங்குலம் ஏறும். படியில் கிரானைட் ஒன்றரைதான் ஏறும். முதல் படி 6 அங்குலமாகச் சுருங்கும், கடைசிப் படி 8 ஆகும், நடுவில் எல்லாம் 7. ஏறுகிறவர் கடைசிப் படியில் கால் தட்டுவார், வருடக்கணக்கில். சரி செய்யும் வழி கான்கிரீட்டில்தான் இருக்கிறது: முதல் ரைசர் 8, கடைசி 6, நடுவில் பதினாறும் 7. மொத்தம் அதே 126. தரைக்கும் படிக்கும் என்ன கல், எவ்வளவு தடிமன் என்பது சென்டரிங் அடிக்கும் முன்னால் முடிவாக வேண்டும். "டைல்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள்.

இனி இன்டீரியர். வரைபடம் மட்டும் கொடுத்தால் வருமானம் சிறியது, தலைவலியும் சிறியது. எடுத்துச் செய்தால் ஒரு வீட்டில் பல லட்சம் கை மாறும். அதில் உங்கள் பணம் எவ்வளவு என்பது கடைசியில்தான் தெரியும். எடுத்துச் செய்வதானால் பலகைக் கணக்கு போடத் தெரிய வேண்டும். ரேட் சொல்லி விற்பது முகப்புச் சதுர அடியில், செலவு ஆவது பிளைவுட் ஷீட்டில்.

7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் ஓர் அலமாரி. முகப்பு 49 சதுர அடி. மூன்று கட்டமாகப் பிரித்தால் 18 மி.மீ. பலகை: பக்கமும் தடுப்புமாக நான்கு நிலைப்பலகை 56 சதுர அடி, மேலும் கீழும் 28, கட்டத்துக்கு மூன்று தட்டு வீதம் ஒன்பது தட்டு சுமார் 42, ஷட்டர் (கதவு) 49. மொத்தம் 175. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி. சேதாரம் 15 சதவீதம் வைத்தால் 7 ஷீட் வாங்க வேண்டும். முதுகுக்கு 6 மி.மீ. இரண்டு ஷீட்.

புதியவர்கள் விடுவது மைக்காவை, அதாவது பலகைமேல் ஒட்டும் தகட்டை. வெளிமுகத்துக்கு 14 அங்குல ஷட்டர் ஆறு. ஒரு ஷீட்டில் மூன்று விழும், இரண்டு ஷீட்டில் முடிந்தது. உள்பக்கத்தை எண்ணிப் பாருங்கள்: ஷட்டரின் உள்முகம் 49, முதுகு 49, பக்கங்கள் 28, இரண்டு தடுப்பின் இரு முகமும் 56, மேல் கீழ் 28, தட்டுகளின் இரு முகமும் 84. 294 சதுர அடி, சேதாரத்தோடு 10, 11 ஷீட். வெளியே இரண்டு, உள்ளே பதினொன்று. ஒட்டும் கூலியும் பசையும் அதே விகிதத்தில் ஏறும். "உள்ளே மைக்கா உண்டு" என்று வாயால் சொல்லிவிட்டு வெளிமுக விலையில் கொட்டேஷன் போட்டவர் அந்த அலமாரியில் லாபத்தை இழந்தார்.

உள்ளே மைக்காவை நிறுத்திவிட்டுப் பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 7 அடி உயர ஷட்டரில் வெளியே மட்டும் 1 மி.மீ. மைக்கா ஒட்டி உள்ளே ஒட்டாவிட்டால், ஒரு பக்கம் ஈரத்தை இழுக்கும், மறுபக்கம் இழுக்காது. இரண்டு மழைக்காலத்துக்குள் ஷட்டர் வில்லாக வளையும். அந்த உயரத்துக்கு ஷட்டருக்கு நான்கு ஹிஞ்ச் (கீல்) போட வேண்டும். மூன்று போட்டால் கீழே தொங்கும். சமையலறைக் கீழ்ப்பெட்டிக்கும் சிங்க்குக்குக் கீழேயும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் பலகை. படுக்கையறை அலமாரிக்குப் பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 போதும். முத்திரையைக் கடை பில்லில் எழுதி வாங்குங்கள். ஒட்டி மூடிய பிறகு எந்தப் பலகை என்று யாராலும் சொல்ல முடியாது, வாடிக்கையாளருக்கும் அது தெரியும்.

கொட்டேஷனில் இன்னும் சில வரிகள் தேவை. அலமாரிக்கு மேலுள்ள லாஃப்ட் (பரண்) தனி அளவா, சேர்ந்ததா, டிராயர் எத்தனை, மேற்கொண்டு ஒன்றுக்கு எவ்வளவு, கைப்பிடி விலை வரம்பு, கண்ணாடி உண்டா, பழைய பொருளை அகற்றுவது யார். சமையலறையில் மேடை உயரத்தை அங்கு சமைப்பவரை நிற்க வைத்து முடிவு செய்யுங்கள். 33, 34 அங்குலம் பலருக்கும் சரிவரும், ஆனால் கிரைண்டர் வைக்கும் இடம் அதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் மாவு அள்ளக் கை வலிக்காது. குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி வருமானால், அந்தக் குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் பார்க்காமல் பலகையை உள்ளே இறக்க வேண்டாம்.

எடுத்துச் செய்யும் அலுவலகங்கள் கவிழ்வது பெரும்பாலும் சுழற்சிப் பணத்தால். அ வீட்டு அட்வான்ஸில் ஆ வீட்டுப் பிளைவுட் பாக்கியைக் கட்டுவது, ஆ வீட்டுத் தவணையில் ஆசாரிக்குக் கூலி. புது வேலை வந்துகொண்டே இருக்கும்வரை தெரியாது. ஆடி மாதம் வேலை குறையும்போது கடைக்காரர், ஆசாரி, மூன்று வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே வாரத்தில் போன் செய்வார்கள். டிசைன் கட்டணத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு, எடுத்துச் செய்யும் வேலைக்கு வேறொன்று. அதற்குள் வீடு வாரியாக ஒரு நோட்டு. ஆசாரிக்கு முடித்த அளவுக்குத்தான் பணம், முன்பணம் ஒரு வாரக் கூலிக்கு மேல் போகக் கூடாது.

வரி விஷயத்தில் மூன்று செய்திகள் போதும், மீதியை ஆடிட்டர் பார்ப்பார். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஆர்க்கிடெக்ட் சேவைக்கு 18 சதவீதம். டிசைன் மட்டும் செய்யும்போது 20 லட்சம் தொலைவில் தெரியும். 4 லட்ச ரூபாய்ச் சமையலறையை எடுத்துச் செய்தால் ஆறாவதில் தாண்டிவிடுவீர்கள், ஆனால் லாபமோ அதில் சிறு பங்கு. வரி தனி என்று எழுதாத கொட்டேஷனில் அந்த 18 உங்கள் பையிலிருந்து போகும். அடுத்தது, கிளினிக், ஜவுளிக்கடை போன்ற வணிக வாடிக்கையாளர்கள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத் தருவார்கள்; அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலாண்டும் பாருங்கள். மூன்றாவது, ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) அதில் பாதியை வருமானமாகக் காட்டி, முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே வரி கட்டும் வழி தொழில்முறைக் கட்டணத்துக்கு உண்டு. எடுத்துச் செய்யும் வேலை வியாபாரம். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் இந்தச் சலுகையே குழம்பும்.

கடைக் கமிஷன் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் முதல் மாதமே வரும். டைல் கடையும் பிளைவுட் கடையும் தாமாகவே சொல்வார்கள். வேலையையோ வாடிக்கையாளரையோ அறிமுகப்படுத்துவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் ஆர்க்கிடெக்ட்களுக்கான 1989-ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிமுறைகள் தடுக்கின்றன. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டுக்கு அது பொருந்தும். விதியை விடுங்கள்: வாடிக்கையாளரின் மைத்துனர் அதே கடையில் விலை கேட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகாது. அந்தத் தள்ளுபடியை அவர் பில்லிலேயே போடச் சொல்லிவிட்டு உங்கள் கட்டணத்தை முழுதாகக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம் என்பதையும், இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டப் பதிவு கிடையாது என்பதையும் பெயர்ப்பலகை எழுதும் முன் நினைவில் வையுங்கள். கூட்டாளி பதிவு பெறாதவர் என்றால் பலகையில் எழுதும் சொல் மாறும்.

ஆட்கள்: முதலில் ஒரு டிப்ளமோ சிவில் படித்த டிராஃப்ட்ஸ்மேன். அழகான 3டி போடும் ஜூனியரைவிட, கதவு அளவும் பீம் ஆழமும் ஒன்றோடொன்று இடிக்காமல் வரைகிறவர்தான் உங்கள் நேரத்தை மீட்டுத் தருவார். சைட் சூப்பர்வைசர் எடுத்துச் செய்யும் வேலை வந்த பிறகு போதும். இன்டர்ன்கள் வந்தால் கற்றுக்கொடுக்க வாரத்தில் ஆறேழு மணி உங்களிடமிருந்து போகும், அதையும் மேலே உள்ள கணக்கில் எழுதுங்கள். சாஃப்ட்வேர் லைசென்ஸை இரண்டு ஆளுக்கு மட்டுமாவது முறையாக வாங்குங்கள். திருட்டு நகலுக்கு நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் ஒரு வீட்டுக் கட்டணம் அதிலேயே போகும்.

சைட்டில் சொன்னதை அன்று மாலைக்குள் எழுத்தில் அனுப்பும் பழக்கம் வேண்டும். நீளமாக வேண்டாம்: "இன்று பார்த்தது: முதல் தளக் கிழக்கு ஜன்னலின் அடிவிளிம்பு (சில்) உயரம் 3 அடி இருக்கிறது, வரைபடம் ஆர்2-படி 2 அடி 6. பூச்சுக்கு முன் சரி செய்யவும். குளியலறைக் கதவு திறக்கும் பக்கத்தை உரிமையாளர் மாற்றச் சொன்னார், திருத்திய வரைபடம் ஆர்3 வியாழன் வரும்." வரைபடம் ஒவ்வொன்றிலும் ஆர்2, ஆர்3 என்று திருத்த எண்ணும் தேதியும் பெரிய எழுத்தில். சைட் சுவரில் பழைய பிரின்ட் ஒட்டியிருந்தால் போகும்போது கிழித்துவிட்டு வாருங்கள். மேஸ்திரி எப்போதும் சுவரில் இருப்பதைத்தான் பார்ப்பார்.

பூச்சுக்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்து வைத்து, எலக்ட்ரிகல் பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் தெரியும்படி போட்டோ எடுத்து அறை வாரியாகப் போல்டரில் போடுங்கள். சாவி கொடுக்கும்போது அந்தப் போல்டர், மைக்கா நிறத்தின் எண், ஹிஞ்ச் மாடல், டைல் பெட்டியின் பேட்ச் எண், ஒரு பெட்டி உபரி டைல், இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று வருடம் கழித்து கீசர் மாற்ற வரும் பிளம்பர் சுவரில் துளை போடுவதற்கு முன் உங்களுக்குத்தான் போன் வரும்; எந்தப் போட்டோவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம்.